டிஷ்வாஷர்ல போன தோசைக்கல்லைத் தூக்கிப் போடாதீங்க தம்பி

தம்பி, பாலக்கோட்டுல இருந்து அம்மா புடவைத் துணியில சுத்தி அனுப்புன வார்ப்பு தோசைக்கல்லை ரூம்மேட் தெரியாம டிஷ்வாஷர்ல போட்டுட்டாரு, வெளிய எடுத்தா முழுக்க செங்கல் கலர்ல துரு, தூக்கிப் போட்டுட்டு நான்ஸ்டிக் வாங்கிடவான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு போட்றாதீங்க. துரு மேலாப்லதான் இருக்கு, உள்ள இரும்பு அப்படியே இருக்கும். நான் கிருஷ்ணகிரி பக்கம், அமெரிக்காவுல ஒஹாயோ வந்து 14 வருசம் ஆச்சு, இந்த மாதிரி கல்லு நாலஞ்சு மீட்டிருக்கேன்.

கல்லு மேல இருந்த கறுப்பு அழுக்கில்ல, எண்ணெய் சூட்டுல கெட்டியாகி இரும்போட ஒட்டிக்கிட்ட படலம், டிஷ்வாஷர் சோப்பும் சுடுதண்ணியும் அதைத்தான் கழட்டிடுச்சு.

ஊர்ல புளி போட்டுத் தேய்ப்பாங்கல்ல, இங்க அந்த வேலைக்கு வெள்ளை வினிகர். வினிகர் பாதி தண்ணி பாதி, கல்லு முங்குற அளவுக்கு ஊத்தி அரை மணி நேரம் வைங்க, ராத்திரி பூரா ஊற விட்டீங்கன்னா இரும்பையே அரிச்சிடும். எடுத்து ஸ்டீல் நார்ல தேய்ச்சி, சோப்பு போட்டுக் கழுவி, உடனே துடைச்சி அடுப்புல வெச்சிடுங்க, அஞ்சு நிமிசம் ஈரத்தோட விட்டாலே திரும்பத் துரு பூக்கும்.

அப்புறம் பழக்கணும். கனோலா எண்ணெய் போதும், முன்ன பின்ன எல்லாம் தடவிட்டு, தடவவே இல்லைங்கற மாதிரி துணியால துடைச்சி எடுத்துடுங்க. இதுலதான் நிறைய பேர் விடுறாங்க, எண்ணெய் தடிமனா நின்னா பிசுபிசுன்னு ஆயிடும். ஓவன்ல கவுத்து வெச்சி 450 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஒரு மணி நேரம், ஆஃப் பண்ணி உள்ளயே ஆற விடுங்க, இப்படி மூணு நாலு தடவை. மரக்கைப்பிடி இருந்தா கழட்டிட்டு வைங்க. புகை வரும், ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டுக்கோங்க, புகை அலாரம் அடிக்குதேன்னு பேட்டரியை மட்டும் கழட்டாதீங்க.

இன்னொண்ணு, நான் வந்த முதல் குளிர்காலத்துல நல்லா காய்ஞ்ச கல்லு மேல குழாய்த்தண்ணி ஊத்திட்டேன், ஜனவரி மாசத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், டொக்குனு ஒரு சத்தம், நடுவுல விரிசல். எங்க ஆயா ராகி அடை தட்டுன கல்லு அது. இன்னைக்கும் நெனச்சா வலிக்குது. அதனால ஆறின பிறகுதான் தண்ணி, கண்ணாடித் தளம் போட்ட கரண்ட் அடுப்புலயும் மெதுவா சூடேத்துங்க.

உங்களுக்கு இன்னொரு கல்லு வேணும்னா பழைய சாமான் கடைங்கள்ல பாருங்க. இதே ஒஹாயோவுல சிட்னிங்கற ஊர்ல 1891ல ஆரம்பிச்ச வாக்னர் கம்பெனியோட பழைய வார்ப்புச் சட்டி கிடைக்கும், மேல்பக்கம் அவ்வளவு வழவழன்னு கடைஞ்சிருப்பாங்க, முறுகலா வரும். ஆனா பழசுல சில பேர் விஷமான காரீயத்தை (லெட்) உருக்கியிருப்பாங்க, காரீயம் பாக்குற கிட் வாங்கி சோதிச்சிட்டு சமைங்க.

முதல்ல ரெண்டு மூணு தோசை ஒட்டத்தான் செய்யும், வெங்காயத்தைப் பாதியா வெட்டி எண்ணெய் தொட்டுத் தேய்ச்சிக்கிட்டே ஊத்துங்க. தக்காளி தோசை ஒரு மாசம் வேணாம். கழுவுனதும் சூட்டுல ஈரம் போக்கி ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கணும்னு ரூம்மேட்டுக்கும் சொல்லிக் குடுங்க.