அப்பாவின் மைலோ டின்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 74. சிங்கப்பூரில், தோ பாயோவில் மனைவியோடு இருக்கிறேன். என் அப்பா மலாயாவில், ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். ஊரார் அவரைத் தியாகி என்பார்கள். 1995இல் எஸ்பிளனேட் பூங்காவில் அந்தப் படைக்கு நினைவுக்கல் வைத்தபோது சொந்தக்காரர்கள் என்னையும் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. வீட்டில் நாங்கள் பார்த்தது தியாகியை இல்லை, மிருகத்தை.

சோற்றை இரண்டு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்வார், இடது கை தட்டைச் சுற்றி வளைத்தபடி இருக்கும். தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் கழுத்தைப் பிடிப்பார், அதனால் அம்மா தள்ளி நின்று கம்பால்தான் எழுப்புவார். கோபம் வந்தால் அம்மாவுக்கு அடி. கட்டிலுக்கு அடியில் ஒரு மைலோ டின் நிறைய அரிசி வைத்திருப்பார். யாரும் தொடக்கூடாது, அவரும் அதைச் சமைக்க எடுத்ததில்லை. வண்டு விழுந்தால் மைனாக்களுக்குக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி வைப்பார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். மாதக் கடைசியில் வெறும் கஞ்சி குடித்த நாளிலும் அந்த டின் நிறைந்தே இருந்தது, இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது. மிருகம்கூடத் தன் குட்டிக்கு ஊட்டும்.

என் பேரன் அடுத்த மாதம் தேசிய சேவைக்கு, அதுதான் கட்டாய ராணுவச் சேவைக்கு, போகிறான். "தாத்தா, உங்க அப்பா நிஜமாவே போருக்குப் போனாராமே, சொல்லுங்க" என்று நச்சரிக்கிறான். நல்லதை மட்டும் சொல்லுங்கள் என்கிறாள் மகள். செத்தவரைப் பற்றி இப்போது எதற்கு என்கிறாள் மனைவி. அப்படியானால் அம்மா வாங்கிய அடியை யார் சொல்வது? 1991இல் ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி, திடீரென்று பேச ஆரம்பித்தார். இம்பாலிலிருந்து திரும்பும் வழியில் தோட்டத்துக் கூட்டாளி ஒருவன் பாதையோரம் கிடந்தானாம், அவன் இடுப்பிலிருந்த அரிசி முடிச்சை இவர் அவிழ்த்து எடுத்துக்கொண்டாராம், "மூச்சு இருந்துச்சுடா" என்றார். நான் காப்பி குடிக்கக் கீழே போனேன், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, அதற்குள் போய்விட்டார், அது கிடக்கட்டும். போர் மனிதனை மிருகமாக்கிவிடும் என்று பேரனிடம் சொல்லிவிடவா, இல்லை தியாகியாகவே இருக்கட்டுமா?

தோ பாயோ வாசகர்

அன்புள்ள ஐயா,

பேரனுக்கு அப்புறம் வருவோம். காப்பி குடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகாது. அது கிடக்கட்டும் என்று எழுதிவிட்டீர்கள், முப்பது வருஷத்துக்கு மேலாக உங்கள் நெஞ்சில் கிடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் அப்பா நடந்த பாதை. 1944 மார்ச்சில் இம்பாலை நோக்கிக் கிளம்பிய ஜப்பானியப் படைக்கும், கூடப் போன இந்திய தேசிய ராணுவத்துக்கும், மூன்று வாரத்தில் ஊர் விழுந்துவிடும் என்ற கணக்கில்தான் உணவு இருந்தது. ஊர் விழவில்லை. ஜூலையில் பின்வாங்கச் சொன்னபோது நல்ல மழைக்காலம், மலேரியா, வயிற்றுப்போக்கு, தின்ன ஒன்றுமில்லை. ஜப்பானியச் சிப்பாய்கள் அந்த வழிக்கு வைத்த பெயர் எலும்புச் சாலை. அங்கே செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை, பசியும் நோயும்.

அதே 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை வைத்துப் பட்டினியைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கினார்கள். எல்லாரும் மனசாட்சிக்காகப் போருக்கே போக மறுத்தவர்கள், அவ்வளவு நல்ல பிள்ளைகள். ஆறு மாத அரைப்பட்டினியில் தட்டை நக்கினார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை, சிலர் விதியை மீறி ஒளித்துத் தின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் விமானம் பறக்கவில்லை, என்றைக்கு முடியும் என்ற தேதியும் தெரியும். உங்கள் அப்பாவுக்கு அந்தத் தேதி கிடையாது. பசியும் பயமும் சேர்ந்தால், யோசிக்கிற மூளைக்கு முறை வருவதற்குள் கை காரியத்தை முடித்துவிடும்.

இது உங்களுக்கும் தெரியும் ஐயா. "மூச்சு இருந்துச்சுடா" என்று அவர் சொன்னதும் உங்கள் கால் எழுந்துவிட்டது, காப்பி என்ற காரணம் அப்புறம்தான் வந்திருக்கும். தாங்க முடியாததைக் கேட்டதும் உடம்பு ஓடிவிட்டது. அவர் கூட்டாளியை விட்டு நடந்ததும் நீங்கள் அவரை விட்டு இறங்கிப் போனதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரை மூன்று தடவை மிருகம் என்று எழுதிய கை, அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அவர் மிருகம் என்றால் நீங்கள் எழுந்து போனது நியாயமாகிவிடும், அதனால்தான் அந்தச் சொல்லை விட மாட்டேன் என்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த டின் உங்களுக்குப் பதுக்கலாகத்தான் தெரிந்திருக்கும். பதுக்குகிறவன் என்றைக்காவது எடுத்துத் தின்பான். இவர் ஒரு பிடிகூட எடுக்கவில்லை, வண்டு விழுந்தால் மறுபடி நிரப்பினார், பிள்ளைகள் கஞ்சி குடித்தபோதும் அதைத் தொடவில்லை. அது அவருடைய அரிசியே இல்லை என்று தோன்றுகிறது. எலும்புச் சாலையில் அவிழ்த்த முடிச்சை ஆயுசு முழுக்கத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார் போல. என் ஊகம்தான், ஆனால் கடைசி ராத்திரி அவர் வாயில் வந்த ஒரே விஷயமும் அதுதானே.

ஆனால் அம்மா வாங்கிய அடியை இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தூக்கத்தில் கழுத்தைப் பிடித்தது போர் விட்டுப்போன காயம். அதற்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதிகாரபூர்வமாக ஒரு பெயர் வைத்ததே 1980இல்தான், அம்மா கம்பை எடுத்த காலத்தில் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? விழித்திருக்கும்போது கோபத்தில் ஓங்கிய கை வேறு. அதே பாதையில் நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் கை நீட்டாதவர்கள். அதை நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை.

பேரனுக்குத் தியாகியும் வேண்டாம், மிருகமும் வேண்டாம். டின்னைப் பற்றிச் சொல்லுங்கள், முடிச்சைப் பற்றிச் சொல்லுங்கள், அம்மாவின் கம்பையும் சொல்லுங்கள், துப்பாக்கி பிடிக்கப் போகிற பிள்ளைக்கு இதைக் கேட்கும் வயதுதான். அதற்கு முன்னால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை மனைவியிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அது உள்ளே இருக்கும்வரை பேரனிடம் பேசும்போதும் உங்கள் குரல் கசக்கும். சேரும் நாளில் பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்கு அவனோடு படகில் போவீர்கள்தானே, அங்கே வைத்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில், அவன் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். அவன் ஏதாவது திருப்பிக் கேட்டால் எழுந்து போய்விடாதீர்கள்.