விரல்ல ஏறச் சொன்னா கடிக்குதா? கிளி வளர்ப்புக் கேள்வி பதில்

செந்தூல்: அண்ணே, ஆறு மாச காக்கட்டீல் கிளி. விரலை நீட்டினாலே கடிக்குது. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: முதல்ல கூண்டுக் கம்பி வழியா தினைக் கதிர் கொடுங்க. பயப்படாம தின்ன ஆரம்பிச்ச பிறகு, கையை உள்ள விட்டு அசையாம வைங்க. அடுத்து, கதிரை விரலுக்கு அந்தப் பக்கம் பிடிங்க. எட்டணும்னா ஒரு காலையாவது விரல்ல வைக்கணும். வச்ச உடனே தின்னக் கொடுங்க. ரெண்டு காலும் ஏறினா இன்னொரு வாய் கொடுத்துட்டு, திரும்பக் குச்சியில இறக்கிடுங்க. விரல் குச்சியைவிடக் கொஞ்சம் உயரமா, கால்களுக்குச் சற்று மேல அடிவயித்தைத் தொடணும். நெஞ்சுல தள்ளாதீங்க. தலைக்கு மேலேருந்து கை வந்தா கிளிக்கு அது பருந்துதான். காலையில தீனி வைக்கிறதுக்கு முன்ன 5 நிமிஷம், சாயங்காலம் 5 நிமிஷம் போதும்.

அலகு விரல்ல பட்டாலே கடி இல்ல. ஏறுற இடம் தாங்குமான்னு அலகாலதான் சோதிக்கும். அப்போ கையை இழுத்தா, விரல் ஆடும்னு ஒண்ணு, கொத்தினா கை போயிடும்னு ஒண்ணு, ரெண்டையும் ஒரே தடவையில கத்துக்கும்.

ஜெலுத்தோங்: லவ்பேர்ட் விரலைக் கடிக்குது, என்ன செய்யலாம்?

பதில்: செந்தூல்காரருக்குச் சொன்னதேதான். கையை இழுக்காதீங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்: கானியூர் கிளி வெளிய வர நல்லா ஏறுது அண்ணே. கூண்டுக்குத் திரும்பும்போது மட்டும் ரத்தம் வரக் கடிக்குது.

பதில்: விரல்ல ஏறினா விளையாட்டு முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. பத்துத் தடவை ஏத்தினா ஒன்பது தடவை நாற்காலி முதுகு, தோள், ஜன்னல் ஓரம்னு இறக்குங்க. பத்தாவது தடவை கூண்டு; உள்ள அதுக்குப் பிடிச்ச தீனி காத்திருக்கணும். பாதி வழியில வாலை விரிச்சு, கண்மணியைச் சுருக்கிச் சுருக்கி விரிச்சா நில்லுங்க. அதுக்கப்புறம் வாங்குற கடி உங்க தப்பு.

செராஸ், 15வது மாடி: இறக்கையை வெட்டினா ரெண்டே நாள்ல ஏறிடும். இதெல்லாம் எதுக்கு?

பதில்: ஏறும், வேற வழியில்லாம. பயந்தா பறந்து போக முடியாத கிளிக்கு மிச்சம் அலகு ஒண்ணுதான். நிறைய கடி அங்கதான் தொடங்குது. அளவுக்கு மீறி வெட்டினா கல்லு மாதிரி விழுந்து நெஞ்செலும்பு அடிபடும். ரத்தக்குழாய் ஓடுற புது இறகுல கத்தரி பட்டா ரத்தம் கொட்டும்.

பட்டர்வொர்த்: செராஸ்காரர் சொல்றது சரிதான். காத்தாடி ஓடுற வீட்ல வெட்டாம எப்படி விடுறது?

பதில்: காத்தாடிக்கு சுவிட்ச் இருக்கே! கூண்டுக் கதவைத் திறக்கிறதுக்கு முன்ன நிறுத்துங்க, ஜன்னலுக்கு வலை அடிங்க.

செராஸ்: வெட்டினா பால்கனியில பயமில்லாம உட்கார வைக்கலாமே?

பதில்: அந்த நினைப்புலதான் கிளி போகும். வெட்டின கிளியையும் 15வது மாடிக் காத்து தூக்கிட்டுப் போகும். இறகு உதிர்ந்து முளைச்சா எப்போ பறக்கும்னு உங்களுக்கே தெரியாது. பால்கனின்னா கூண்டோட மட்டும்.

கெப்போங்: கடிச்சா அலகுல சுண்டலாமா?

பதில்: கூடாது. கையைக் கண்டாலே பயம் வரும்.

பூச்சோங்: தோட்டத்துல பிடிச்ச செரிண்டிட்டை (குட்டிக் காட்டுக்கிளி) பழக்கலாமா?

பதில்: அது பாதுகாக்கப்பட்ட பறவை, மலேசியாவோட 2010 வனவிலங்குச் சட்டம். என்கிட்ட இல்ல, வனவிலங்குத் துறை பெர்ஹிலித்தான்கிட்ட கேளுங்க.

பாயான் லெப்பாஸ்: ரிங்நெக் கடிக்குது அண்ணே, விரலை நீட்டினா...

பதில்: மேல செந்தூல்காரருக்குச் சொன்னதைப் படிங்க தம்பி. கையை இழுக்காதீங்க. பழகின கிளி திடீர்னு கடிச்சு, இறகை உப்பிக்கிட்டு உட்கார்ந்தா மட்டும் பயிற்சியை விட்டுட்டு அன்னைக்கே பறவை மருத்துவர்கிட்ட கொண்டு போங்க.