மூடியைத் திருக வேண்டாம்

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் லேப் உதவியாளராக இருக்கிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதால் ஸ்டோர் ரூமை ஒழித்தோம். பின் அலமாரியில் ‘பிக்ரிக் ஆசிட்’ என்று லேபிள் ஒட்டிய பழைய பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே மஞ்சளாகக் கட்டிதட்டிக் கிடக்கிறது. மூடி திறக்க வரவில்லை. தண்ணீர் விட்டுக் கரைத்து சிங்க்கில் ஊற்றிவிடலாமா?

பதில்: மூடி திறக்க வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் ஒரு தடவை திருகிப் பார்த்தாயிற்று. நல்லவேளை, வரவில்லை. இனி தொடாதீர்கள்.

பிக்ரிக் அமிலம் என்பது டிரைநைட்ரோஃபீனால், டி.என்.டி. வெடிமருந்துக்குப் பங்காளி. முதல் உலகப் போரில் குண்டுகளில் அடைத்தார்கள். 1917-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் சரக்கில் பெரும்பகுதி இதுதான். நம் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்திலும் இதன் பெயர் இருக்கிறது.

அதனால்தான் எடையில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீர் சேர்த்து விற்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை சாது. தகரக் கூரை ஸ்டோர் ரூமில் நம் ஊர் சித்திரை வெயில் சில வருடம் அடித்தால் ஈரம் எங்கே நிற்கும்? காய்ந்த பிக்ரிக் தட்டினாலும் உரசினாலும் வெடிக்கும். மூடியின் மரையில் மஞ்சள்பொடி அப்பியதுபோல் படிந்திருக்கிறதா? திருகும்போது நசுங்குவது அந்தப் பொடிதான். மூடி தகரமாக இருந்தால் இன்னும் மோசம்: உலோகத்தோடு சேர்ந்து பிக்ரேட் உப்பாகும், அது அமிலத்தைவிடச் சட்டென்று வெடிக்கும். சிங்க் வேண்டாம் என்பதும் இதனால்தான். ஈயம், செம்புக் குழாய்களில் அதே உப்பு உருவாகும்.

தண்ணீர் விட வேண்டுமானாலும் முதலில் மூடியைத் திறக்க வேண்டுமே! அது உங்கள் வேலையில்லை. அறையைப் பூட்டி, கதவில் எச்சரிக்கை ஒட்டி, முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். தீயணைப்புத் துறைக்கும் காவல்துறைக்கும் அவர் சொல்லட்டும்; வெடிகுண்டு நிபுணர்கள் வந்து எடுப்பார்கள். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது. பட்டாசுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

கை மஞ்சளாகியிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கறை சில நாள் இருக்கும். அரிப்போ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். வயிற்றுக்குள் போனால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம் இது.

அப்புறம், இனி வாங்கும்போது பொடியாக வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிரியாட்டினின் சோதனைக்கோ திசுவைப் பதப்படுத்தவோ ரெடிமேட் கரைசலே போதும். அதையும் பிளாஸ்டிக் மூடி போட்ட பாட்டிலில் வாங்கி, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். எடுத்தபின் மரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள்.