பதினான்கு மாதமாகத் தொங்கும் 'வீடு விற்பனைக்கு' போர்டு

கேள்வி: கடலூரில் கெடிலம் ஆற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் அப்பா 1994-ல் கட்டிய வீடு. மனை 1,800 சதுர அடி, தெற்குப் பார்த்த வாசல், கீழே இரண்டு ரூம், 2008-ல் மாடியில் எடுத்த ரூம் ஒன்று. அப்பா 2019-ல் தவறிவிட்டார். அம்மா சென்னையில் என்னோடு இருக்கிறார், தங்கை சிங்கப்பூரில். வீடு பூட்டிக் கிடக்கிறது. 68 லட்சம் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இரண்டு புரோக்கர், சுவரில் போர்டு, ஆன்லைனில் விளம்பரம் எல்லாம் உண்டு. இருபது பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள் யாரும் திரும்பவில்லை. 2015 மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது, அதை யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. பத்து லட்சம் குறைத்தால்தான் நடக்கும் என்கிறார் ஒரு புரோக்கர். குறைத்துவிடலாமா?
- வாசகர், சென்னை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டைப் பார்க்க ஆள் வராமல் இல்லை, வந்தவர்கள்தான் திரும்பவில்லை. ஆளே வராவிட்டால் விளம்பரத்திலோ சொல்லும் விலையிலோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். இருபது பேர் வீட்டுக்குள் நுழைந்து பார்த்துவிட்டுப் போனபின் போனே எடுக்கவில்லை என்றால், அவர்கள் மனதில் ஏதோ ஒரு சந்தேகம் விழுந்திருக்கிறது, அதைக் கேட்டால் சங்கடம் என்று பேசாமல் போய்விட்டார்கள். பத்து லட்சம் குறைத்தாலும் அந்தச் சந்தேகம் அங்கேயேதான் இருக்கும், சொல்லப்போனால் கூடும். "எதுக்கு இவ்வளவு இறங்குறாங்க?" என்றுதான் ஊர் கேட்கும்.

பத்திரங்களில் இருந்து ஆரம்பிப்போம். பட்டா இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னிடம் வரும் இந்த மாதிரிக் கேள்விகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். என் பெரியப்பா வீட்டை விற்கும்போது எங்களுக்கே நடந்தது இது. ஆள் பிடித்துப்போய், அட்வான்ஸ் பேசி, அவர் பேங்க் லோனுக்குப் போனார். பேங்க் வக்கீல் பட்டாவைக் கேட்டார், அது தாத்தா பெயரில் இருந்தது. மாற்றி முடிப்பதற்குள் அவர் வேறு வீடு வாங்கிவிட்டார், எங்களுக்கு அடுத்த ஆள் கிடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, 2019-ல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அப்புறம் வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டா. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது, ஆனால் நகராட்சியாக இருந்த காலத்திலேயே பல பகுதிகளுக்கு நகர நில அளவை முடிந்திருக்கிறது. உங்கள் இடத்துக்கு அந்தப் பதிவேட்டில் யார் பெயர், எத்தனை சதுர மீட்டர் என்று பாருங்கள், பத்திரத்தில் உள்ள அளவும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். வீட்டு வரி, கரண்ட் இணைப்பு இவற்றையும் பெயர் மாற்றிவிடுங்கள். சொத்தின் மேல் அடமானம், விற்பனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று, முப்பது வருடத்துக்கானது, ஆன்லைனிலேயே கிடைக்கும்.

தங்கை விஷயத்தை இப்போதே பேசுங்கள். பதிவு நாளில் அவர் வர முடியாதென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று உங்களுக்கோ அம்மாவுக்கோ பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும், தபாலில் வந்ததைப் பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி, உங்களுக்குப் பிடிப்பதுபோல 1 சதவீதம் கிடையாது, அதைவிட மிக அதிகம். பதிவுக்கு முந்தைய நாள் இது தெரியவந்து வாங்குபவர் மிரண்டுபோன கதைகள் உண்டு. குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். ஆடிட்டரை இந்த மாதமே பாருங்கள்.

மாடி ரூமுக்கு பிளான் அப்ரூவல் இருக்கிறதா? இல்லையென்றால் பேங்க் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்கவே மாட்டார். வந்தவர்கள் திரும்பாததற்கு இது முக்கியமான காரணமாக இருக்கலாம், கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 68 லட்சத்துக்கு அது 6 லட்சத்து 12 ஆயிரம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 80 சதவீதம்தான் அதிகபட்சம், பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். வீட்டுக்கு 68 மதிப்பு போட்டால் வாங்குபவர் கையில் இருந்து சுமார் 20 லட்சம் போட வேண்டும். மாடியைத் தள்ளி, முப்பது வருடக் கட்டடம் என்று தேய்மானம் கழித்து மதிப்பீட்டாளர் 58 என்று எழுதிவிட்டால்? லோன் 46 லட்சத்து 40 ஆயிரம். கையில் இருந்து கிட்டத்தட்ட 28 லட்சம். சம்பளத்தை நம்பி வீடு வாங்கும் குடும்பத்துக்கு அந்த எட்டு லட்சம் எங்கிருந்து வரும்? வீடு பிடித்திருந்தும் பேசாமல் போயிருப்பார்கள்.

அதனால் நீங்களே ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து மதிப்புப் போட்டுவிடுங்கள், ஆகும் சில ஆயிரங்கள் வீண் போகாது. மனைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். நம் ஊரில் பழைய வீட்டை வாங்குகிறவர் மனைக்குத்தான் விலை கொடுக்கிறார். அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட தேக்கு நிலைக்கதவுக்கு உங்கள் மனதில் இருக்கும் மதிப்பை இன்னொருவர் தரமாட்டார், அது கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைப் பார்த்து ஒரே தடவை விலையை மாற்றுங்கள். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று லட்சம் லட்சமாக இறங்கினால் எல்லோரும் இன்னும் இறங்கட்டும் என்றுதான் காத்திருப்பார்கள். இரண்டு புரோக்கரும் ஒரே விலை சொல்கிறார்களா என்று தெரிந்த ஒருவரை விட்டு போன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் 68, இன்னொருவர் 72 சொல்வது சாதாரணமாக நடக்கிறது. கமிஷன் எத்தனை சதவீதம் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பத்திரமோ பவரோ யார் கையிலும் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.

இப்போது தண்ணீர். இதை நீங்கள் மறைத்ததுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடலூரில் வீடு பார்க்க வருகிறவர் ஹாலைப் பார்த்துவிட்டுத் தெருமுனை டீக்கடையில் நின்று "இங்க தண்ணி ஏறுமா?" என்று கேட்காமல் பஸ் ஏறமாட்டார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைப் பார்த்தவர்கள், 2015-ஐப் பார்த்தவர்கள், 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி வந்ததைப் பார்த்தவர்கள். டீக்கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிடுவார். கணுக்கால் என்பது மூன்றாவது வாயில் முழங்கால் ஆகிவிடும். அதுவும் நீங்கள் சொல்லாததை அவர் சொன்னால், மற்ற எதை மறைத்தார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். நீங்களே சொல்லுங்கள்: 2015-ல் இத்தனை அங்குலம், இத்தனை மணி நேரம், இந்தச் சுவரில் இந்த இடம் வரை. 2024-ல் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டு அதையும் சொல்லுங்கள். வரும் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை யாரையாவது விட்டுத் தெருவையும் வாசலையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கவில்லை என்றால் அந்த வீடியோவைவிட நல்ல விளம்பரம் உங்கள் வீட்டுக்குக் கிடையாது. நின்றால் விலையில் அதைக் கழித்துத்தான் ஆகவேண்டும், வாங்குகிற குடும்பம் அதில் வாழப் போகிறது.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு வாடை உண்டு. கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வரவேற்கும். வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து, பெருக்கி, குழாயைத் திறந்துவிட்டு, மோட்டாரை ஓடவிட ஓர் ஆளை நம்பிக்கையாக ஏற்பாடு செய்யுங்கள். கடல் காற்று அடிக்கிற ஊர் என்பதால் ஜன்னல் கம்பியில் துரு, சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது இதெல்லாம் முதலில் கண்ணில் படும். தளத்தில் ஒழுக்கு இருந்தால் சரிசெய்து பில்லை எடுத்து வையுங்கள். ஓதம் காத்த சுவரில் அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து மூடாதீர்கள், உள்ளூர்க்காரர் அதைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். மாடுலர் கிச்சன் போன்ற செலவெல்லாம் வேண்டவே வேண்டாம், போட்ட காசு திரும்பாது. போர் தண்ணீரை லேபில் கொடுத்துச் சோதித்து அந்தத் தாளையும் பத்திர ஜெராக்ஸோடு வையுங்கள். பழைய கட்டில், கிழிந்த சோபா, காலண்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், சாமி அறையில் ஒரு விளக்கு மட்டும் இருக்கட்டும்.

தெற்கு வாசல் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் போலிருக்கிறது. வாஸ்து பார்க்கிறவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. விளம்பரத்திலேயே 'தெற்குப் பார்த்த வாசல்' என்று போட்டுவிட்டால் திசை பார்க்காதவர்கள் மட்டும் வருவார்கள், உங்கள் அலைச்சல் பாதியாகும். அதோடு மனை அளவு, கட்டிய வருடம், தெருவின் அகலம், கார் உள்ளே வருமா, விலை, எல்லாவற்றையும் போடுங்கள். 'விலை நேரில்' என்று போட்டால் பாதிப் பேர் அழைக்கவே மாட்டார்கள்.

வெளியே தேடுவதற்கு முன் அந்தத் தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் நீங்களே ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். மகனுக்கோ மகளுக்கோ பக்கத்திலேயே வீடு தேடுகிறவர், அதே தெருவில் வாடகைக்கு இருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற விரும்பாதவர், இவர்களுக்குத் தண்ணீர் பயமும் கிடையாது, ஊர் விவரம் எல்லாம் தெரியும். நெய்வேலியில் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களும் கடலூர் பக்கம் வீடு பார்ப்பதுண்டு, அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் சொல்லி வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பேசி முடிக்கமாட்டார்கள், அந்த மாதங்களைப் பத்திர வேலைக்கு வைத்துக்கொண்டு தை பிறந்ததும் புது விலையோடு இறங்குங்கள்.

கேள்வி: வீடு பிடித்துவிட்டது, ஆனால் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுவிட்டு மீதி 15 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் வாங்குபவர். பல மாதம் காத்திருந்து கிடைத்த ஆள், விட மனசில்லை.
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: விட்டுவிடுங்கள், அல்லது வெள்ளையாகத் தரச் சொல்லுங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் சட்டம். மாட்டினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகை அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான், கொடுத்தவருக்கு இல்லை. 15 லட்சம் வாங்கி 15 லட்சம் கட்டுவீர்கள். அந்தப் பணத்தை வைத்து நீங்களும் வேறு வீடு வாங்க முடியாது, பேங்கில் போடவும் முடியாது. லோன் எடுக்கிற ஆளாக இருந்தால் பத்திரத்தில் விலை குறைந்தால் அவருக்கும் லோன் குறையும் என்று எடுத்துச் சொல்லுங்கள், சிலர் அதைக் கேட்டு மாறிவிடுவார்கள்.

கேள்வி: அம்மாவின் வீட்டை விற்றால் வரி எவ்வளவு? 1990-ல் வாங்கியது. அட்வான்ஸ் வாங்கியாயிற்று, வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியிருக்கிறோம்.
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் இந்தியாவில் வசிப்பவருக்குப் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், எது குறைவோ அது. 1990-ல் கொடுத்த விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அம்மா இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அதில் போட்ட அளவுக்கு விலக்கு உண்டு. ஸ்டாம்ப் பேப்பர் விஷயம்தான் அவசரம்: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் தொகை, மீதி கொடுக்க வேண்டிய தேதி, வாங்குபவர் பின்வாங்கினால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன, நான்கையும் தெளிவாக எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள், அவரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.