மொடக்குறிச்சி 1033: கடிதமும் பதிலும்

வணக்கங்க அண்ணா,

நான் அவல்பூந்துறை பக்கம்ங்க. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ சுத்துச்சு, இந்தியாவுலயே காமெடியான எலக்‌ஷன்னு. பாத்தா எங்க ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி தொகுதி. 1996ல 1033 பேர் நின்னது. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். வீட்ல வந்து சொன்னா எங்க அப்பாரு (தாத்தா) "அதுல நானும் ஒரு ஆளு"ங்கறாரு. எத்தனை ஓட்டுங்கன்னு கேட்டா பேச்சை மாத்திட்டாரு. ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க. இருந்தாலும் கேக்கறேன், ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சே ஆயிரம் பேர் நின்னா அது வீண்செலவுதானுங்களே? டெபாசிட்டை ஒரு லட்சமா ஆக்கிட்டா இந்த தொல்லையே இருக்காதுல்லங்க?

தம்பிக்கு,

உங்க அப்பாரு பேச்சை மாத்துனதை படிச்சப்ப எனக்கு மனசு கனத்துப்போச்சு. இத்தனை வருஷமா அந்த தேர்தலை குவிஸ் கேள்வியாவும் மீமாவும் மட்டுமே பேசிப் பேசி, அதுல நின்ன மனுசன் சொந்த பேரன்கிட்ட சொல்லவே தயங்கற நிலைமைக்கு கொண்டுவந்துட்டோம். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல ஒன்னு, அங்க நின்னவங்கள்ல பெரும்பாலானவங்க ஜெயிக்கறதுக்காக நிக்கல. எங்க கோரிக்கைய எந்த கட்சியும் காதுல வாங்கலன்னு விவசாயிங்க சேர்ந்து எடுத்த முடிவு அது. கொங்கு பக்கத்து விவசாயிங்க அதுக்கு முன்னாடி பாக்காத போராட்டம் இல்ல. மாட்டுவண்டிய கொண்டாந்து கோயம்புத்தூர் ரோட்டை நிறைச்சாங்க, கரண்டு பில்லு கட்ட மாட்டோம்னாங்க, 1970ல பெருமாநல்லூர்ல மின்கட்டண போராட்டத்துல துப்பாக்கிச்சூடு நடந்து மூணு விவசாயிங்க செத்தே போனாங்க. விவசாயிங்க தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துல விவசாய சங்கத்தையே கட்சியாக்கி தேர்தல்ல நின்னும் பாத்தாச்சு, அதுவும் எடுபடல. இதெல்லாம் நடந்த மண்ணுல அடுத்து என்ன பண்றதுன்னு யோசிச்சவங்க, மனு கொடுத்தா கிடப்புல போடறாங்க, வேட்புமனு கொடுத்தா கிடப்புல போட முடியாதுல்ல, அதை அதிகாரி வாங்கித்தான் ஆகணும், பரிசீலிச்சுத்தான் ஆகணும், பேரை அச்சடிச்சுத்தான் ஆகணும்னு புடிச்சாங்க பாருங்க, அது எனக்கு இன்னைக்கும் பெரிய விஷயமா படுது.

நடந்துச்சும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு ஆயிரம் சின்னம் ஒதுக்கணும், ஒருத்தர் சின்னம் இன்னொருத்தருக்கு இருக்கக்கூடாது. ஓட்டுச்சீட்டு சீட்டா இல்லாம புஸ்தகமா ஆச்சு, எலக்‌ஷனையே ஒரு மாசம் தள்ளி வெச்சாங்க. சென்னையிலயும் டெல்லியிலயும் மொடக்குறிச்சி எங்கடா இருக்குன்னு மேப்ல தேட வெச்சது அந்த 250 ரூபாதான். ஆமா, அப்ப சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபா, பட்டியல் சாதி, பழங்குடின்னா அதுல பாதி.

இப்ப உங்க அப்பாரு விஷயத்துக்கு வர்றேன். அந்த தேர்தல்ல 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழல, 158 பேருக்கு ஒரே ஒரு ஓட்டு. இதைத்தான் எல்லாரும் சொல்லி சிரிக்கறாங்க. அந்த 88ஐ கொஞ்சம் நின்னு பாருங்க. ஜீரோன்னா அவரு ஓட்டே அவருக்கு விழலன்னு அர்த்தம். ஒன்னு ரெண்டு பேருக்கு ஓட்டு வேற தொகுதியில இருந்துருக்கலாம், சிலருக்கு அந்த புஸ்தகத்துல தன் பேரு எந்த பக்கம்னே கிடைக்காம போயிருக்கலாம், ஆனா மிச்சப்பேரு தெரிஞ்சேதான் தன் ஓட்டை வேற ஆளுக்கு போட்டுருக்காங்கன்னுதான் நான் படிக்கறேன். பேரை கொடுத்தது குறைய சொல்றதுக்கு, ஓட்டை போட்டது எம்எல்ஏவ தேர்ந்தெடுக்கறதுக்கு. ரெண்டையும் போட்டு குழப்பிக்கல. இதுல கேலி பண்ண எங்க இருக்கு? அவங்க விளையாட்டுக்கு பண்ணிருந்தா ஆளுக்கு ஒரு ஓட்டை தனக்கு போட்டுட்டு போயிருப்பாங்க. அப்படி ஆகல, திமுக சுப்புலட்சுமி ஜெகதீசன் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, அந்த வருஷம் தமிழ்நாடு பூரா அடிச்ச அலை அங்கயும் அடிச்சுது. தேர்தல் ஆணையத்தோட 1996 அறிக்கைல வேட்பாளர் பேரு, ஓட்டு எல்லாம் வரிசையா இருக்கு, அப்பாரு பேரையும் தேடிப் பாருங்க.

தொகுதி வரலாறும் இதைத்தான் சொல்லுது. இதே சுப்புலட்சுமி ஜெகதீசன் 1977ல அங்க ஜெயிச்சது அதிமுகவுல, எம்ஜிஆர் அமைச்சரவையிலயும் இருந்தாங்க. 96ல திமுக, 2006ல காங்கிரஸ், 2011லயும் 2016லயும் அதிமுக, 2021ல பாஜகவோட டாக்டர் சரஸ்வதி. அந்த 2021ல தோத்தது யாரு, அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், வித்தியாசம் வெறும் 281 ஓட்டு. எந்த கட்சியும் இது என் கோட்டைன்னு சொல்லிக்க முடியாத ஊரு அது. அங்க ஓட்டு போடறவங்க விவரம் தெரியாம போடறவங்க இல்ல.

அரசாங்கம் என்ன பதில் சொல்லுச்சுன்னு கேளுங்க. அதே 1996 லோக்சபா எலக்‌ஷன்ல ஆந்திராவுல நல்கொண்டாவுல 480 பேர், கர்நாடகாவுல பெல்காம்ல 456 பேர். நல்கொண்டாக்காரங்க கேட்டது குடிக்க நல்ல தண்ணி, அங்க நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு, எலும்பு வளைஞ்சு போன ஜனங்க. இந்த மூணு ஊரையும் பாத்து டெல்லிக்கு வந்த யோசனை, அவங்க ஏன் நின்னாங்கங்கறது இல்ல, அடுத்த தடவை எப்படி நிக்க விடாம பண்றதுங்கறது. அந்த வருஷமே சட்டத்தை திருத்தி சட்டசபை டெபாசிட்டை 250ல இருந்து 5,000 ஆக்குனாங்க, லோக்சபாவுக்கு 500ல இருந்து 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரங்களுக்கு வேட்புமனுல கையெழுத்து போட ஒரு முன்மொழிபவர் (அந்த தொகுதி வாக்காளர்) போதும், மத்தவங்களுக்கு பத்து பேர்னு ஆச்சு. ஓட்டுச்சீட்டுல பெரிய கட்சிங்க பேரு மேல, சுயேச்சைங்க கடைசிலன்னு வரிசையும் மாறுச்சு. 2010ல இருந்து சட்டசபைக்கு 10,000, லோக்சபாவுக்கு 25,000.

ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 250 ரூபாங்கறது 1951ல போட்ட தொகை, அப்ப அது பெரிய காசு, 45 வருஷம் ஏத்தாமயே விட்டுட்டாங்க, கொஞ்சம் ஏத்தறதுல தப்பில்ல. அந்த புஸ்தகத்தை கையில வெச்சுக்கிட்டு, எழுதப் படிக்க தெரியாத ஒரு ஆத்தா சின்னத்தை தேடி பக்கம் பக்கமா புரட்டுனதும் கஷ்டம்தான். ஆனா 20 மடங்கு? ஆறுல ஒரு பங்கு ஓட்டு வாங்கலன்னா அந்த பணம் திரும்ப வராது. கோடி கோடியா செலவு பண்ற வேட்பாளருக்கு 10,000 ஒரு நாள் டீ செலவுக்கு காணாது, களத்துமேட்டுல நிக்கறவருக்கு அது ஒரு போகத்து உர பாக்கி.

அப்படி ஏத்தியும் நின்னாங்களே. 2019ல தெலங்கானா நிஜாமாபாத்ல 185 பேர், அதுல முக்காவாசிக்கு மேல விவசாயிங்க, 25,000 டெபாசிட் கட்டி. மஞ்சளுக்கு நல்ல விலை, மஞ்சளுக்கு தனி வாரியம் வேணும்னுதான். ஈரோட்டுக்காரனுக்கு மஞ்சள் விலை பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு மெஷின் யூனிட்ல 16 பட்டன்தான், அதனால ஒவ்வொரு பூத்துலயும் 12 யூனிட்டை கோத்து வெச்சாங்க. புது மாடல் மெஷின்ல 24 யூனிட் வரைக்கும் கோக்கலாம், நோட்டாவையும் சேத்து 384 பேரு. இன்னைக்கு உங்க ஊர்ல 1033 பேர் நின்னா திரும்ப பேப்பர்தான். அந்த மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில நிஜாமாபாத்லயே தலைமை அலுவலகம் போட்டு ஆரம்பிச்சாங்க. அந்த 185 பேரு மட்டுமே காரணம்னு நான் சொல்லல, வருஷக்கணக்கா நடந்த போராட்டம் அது, ஆனா அந்த 12 யூனிட்டை நாடே பாத்துச்சு.

வீண்செலவுன்னு கேட்டீங்க. ஆயிரம் விவசாயிங்க ஒரே நாள்ல ஒரே கேள்விய கேட்டாங்க, அதுக்கு ஆன செலவு கொஞ்சம் பேப்பரும் ஒரு மாசமும். இதைவிட மலிவா அரசாங்கத்துக்கு யாரும் தகவல் சொல்ல முடியாது.

கூட்டம் கூடாம இருக்கணும்னா அதுக்கு பணம்தான் வழின்னு நான் நினைக்கல. பத்து முன்மொழிபவர்ங்கறதை அம்பது ஆக்கட்டும், தொகுதில வீடு வீடா நடந்து போய் அம்பது பேர்கிட்ட கையெழுத்து வாங்குனாதான் நிக்கலாம்னு வைக்கட்டும், அது எல்லா கட்சிக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். காசில்லாதவனாலயும் நடக்க முடியும், கையெழுத்து கேக்க முடியும். நீங்க சொல்ற ஒரு லட்சத்தை அப்பாரால கட்டியிருக்க முடியுமான்னு அவரையே கேட்டுப் பாருங்க தம்பி.