கேரவன் பேட்டரிக்கு எத்தனை ஆம்ப் சார்ஜர்?

கோத்தகிரில இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்காரு: டெம்போ டிராவலர கேரவனா மாத்தி 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி (இன்வெர்ட்டருக்கு போடற தண்ணி ஊத்தற லெட்-ஆசிட் வகை) ரெண்ட பேரலல்ல போட்டிருக்கேன், 10 ஆம்ப் சார்ஜர் ராத்திரி முழுக்க ஓடியும் ஃபுல் ஆகல, பேட்டரி போயிடுச்சா இல்ல சார்ஜர் மாத்தணுமா, அடுத்த வருஷம் லித்தியம் போடற ஐடியாவும் இருக்கு.

பேட்டரி மேல பழி போடறதுக்கு முன்னாடி கணக்க பாருங்கண்ணா. ரெண்டும் சேர்ந்து 300 ஏஎச், பாதி இறக்கிட்டீங்கன்னா வீணாப்போறதையும் சேர்த்து 170 பக்கம் திரும்ப ஏத்தணும், இதுல ஃப்ரிட்ஜும் லைட்டும் 3 ஆம்ப் இழுத்துட்டே இருந்தா பேட்டரிக்கு மிஞ்சறது 7, அப்ப ஒரு நாள் முழுக்க ஓடணும், ராத்திரி எங்க பத்தும்? டியூபுலருக்கு ஏஎச்ல பத்துல ஒரு பங்குங்கறது பழைய கணக்கு, 30 ஆம்ப் வாங்குங்க. வீட்டு பிளக்ல 500 வாட் பக்கம்தான் இழுக்கும். 60 ஆம்ப் வாங்கினா சீக்கிரம் ஏறும்னு கடைல சொல்லுவாங்க, கேக்காதீங்க, டியூபுலருக்கு அது சூடு, கடைசி பங்கு எப்படியும் மெதுவாத்தான் ஏறும்.

ஆம்ப விட நம்ம ஊருக்கு முக்கியம் டெம்பரேச்சர் சென்சார். 25 டிகிரில 14.4 வோல்ட் கேக்கற அதே பேட்டரி 5 டிகிரில 14.8 பக்கம் கேக்கும், 40 டிகிரில 14.1 போதும். வண்டி ரெண்டு மணி நேரத்துல மேட்டுப்பாளையம் வெயில்ல இருந்து ஊட்டி குளிருக்கு ஏறிடுது, சார்ஜருக்கு அது எப்படி தெரியும்? நான் சென்சார் இல்லாத ஒண்ண வெச்சு பட்டிருக்கேன், கீழ வெயில்ல ஓவரா சார்ஜ் ஆகி அழுகின முட்டை நாத்தம், தண்ணி வத்திப்போச்சு, மேல வந்தா எப்பவும் அரைகுறை சார்ஜ். சென்சார் வயர பேட்டரி மேலயே ஒட்டணும், சார்ஜர் பெட்டில விட்டுட்டா பிரயோஜனம் இல்ல. ஃபுல் ஆனதும் தானா ஃப்ளோட்டுக்கு (சார்ஜ் இறங்காம புடிச்சு வெக்கற கம்மி வோல்ட்) இறங்கற மாடலா, பேட்டரி டைப் மாத்தற செட்டிங்கும் இருக்கறதா பாருங்க.

அந்த செட்டிங் லித்தியத்துக்குத்தான். அதுக்கு இந்த குளிர் கணக்கு வேணாம், சென்சார் வோல்ட்ட ஏத்தி இறக்கக் கூடாது, ஈக்வலைஸும் (செல் எல்லாத்தையும் சமப்படுத்த வோல்ட்ட கூட்டி ஏத்தறது) ஆஃப். ஆனா செல் 0 டிகிரிக்கு கீழ போனா சார்ஜே ஏத்தக்கூடாது, கோத்தகிரில பெருசா பயமில்ல, ஜனவரில ஊட்டி கிட்ட தலைக்குந்தா பக்கம் உறைபனில வண்டிய நிறுத்தினா குளிர்ல சார்ஜ கட் பண்ற பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிய பாதுகாக்கற சர்க்யூட்) கட்டாயம்.

சார்ஜர பேட்டரிக்கு ஒன்றரை மீட்டருக்குள்ள வைங்க, 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், பேட்டரி முனைலயே 40 ஆம்ப் ஃப்யூஸ். டியூபுலர் கேஸ் விடும், பெட்டில இருந்து வெளிய ஒரு குழாய் விடுங்க.

பேட்டரி போச்சான்னு கேட்டீங்களே, வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் கழட்டி தனித்தனியா அந்த 10 ஆம்ப்லயே ஃபுல் பண்ணி ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டோட அடர்த்திய காட்டற கருவி) விட்டு பாருங்க, ஆறு செல்லும் கிட்டத்தட்ட ஒண்ணா காட்டினா பேட்டரி நல்லாத்தான் இருக்கு, ஒரு செல் மட்டும் மத்ததவிட 0.050க்கு மேல கம்மியா நின்னா அந்த பேட்டரி போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், சார்ஜர மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்லைங்கண்ணா.