பழைய சேர்ட்டில் பிள்ளைக்குச் சட்டை: எந்தப் பகுதியை வெட்டுவது?

அப்பாவின் பழைய சேர்ட்டில் இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சட்டை தைக்க முடியுமா என்று ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தைக்கலாம்.

முதலில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கழுத்துப்பட்டி, அக்குள், முழங்கை ஆகியவை நைந்து கண்ணாடிபோல் தெரியும், அவற்றை விட்டுவிடுங்கள். முதுகுப் பகுதிதான் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். பொத்தான் பட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். பொத்தானைப் பூட்டிவைத்து, பிள்ளையின் சட்டை முன்பக்கத்தை அதன் மேலேயே வரைந்து வெட்டினால், துளை போடும் தொல்லையே இல்லை. சேர்ட்டின் கீழ்மடிப்பையும் அப்படியே பயன்படுத்தலாம். தையலுக்கு ஒன்றரை சென்றிமீற்றர் விடுங்கள். விளிம்புக்கு மிக அருகில் தைத்தால் பழைய துணி கிழியும். துணியின் நீளவாட்டு இழை, அதாவது சேர்ட்டில் மேலிருந்து கீழாக ஓடும் நூல், பிள்ளையின் உயரத்தோடு ஓடட்டும்.

பலமுறை துவைத்த பருத்தி இனிப் பெரிதாகச் சுருங்காது, தோலை உறுத்தாது. மலையகக் குளிருக்கு அது மட்டும் போதாதுதான். பழைய கம்பளிச் சட்டையை வெளியிலும் பருத்திச் சேலையை உள்ளேயும் வைத்துத் தையுங்கள். பொலியெஸ்டர் மழை நாளில் சீக்கிரம் காயும், ஆனால் உள்துணிக்கு நான் அதைத் தொடமாட்டேன். கழுத்தில் இழுகயிறு வேண்டவே வேண்டாம். எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.